இரத்தத்தில் ஊறியதா?

சிங்காநல்லூரில், திருச்சி சாலையை ஒட்டிய திருமண மண்டபம் ஒன்றில், சென்ற ஆவணியில் ஒரு வரவேற்பு விழா. மணமக்களை வாழ்த்திவிட்டுப் பந்திக்குச் செல்லும் வழியில் என் கால்கள் தாமாகவே நின்றன. மேடையிலே இசைக்குழு பாடிக்கொண்டிருந்தது. கொங்கு வட்டாரத்தில் மணவிழாவா, கோயில் விழாவா, கடைத் திறப்பா, எதுவாயினும் தேடி அழைக்கப்படும் உடன்பிறந்தார் குழு அது. மூத்தவர் பாடுகிறார், அடுத்தவர் கீபோர்டு வாசிக்கிறார், மூன்றாமவர் கையில் தாளக் கருவிகள். மூவரையும் ஊர் அறியும். அன்று நான்காவதாக ஒரு சிறுவன் வந்து நின்றான். பன்னிரண்டு வயதிருக்கும். சட்டை அவனுக்குச் சற்றே பெரிது. ஒலிபெருக்கித் தண்டு அவன் தலைக்கு மேலே நின்றது. மூத்தவர் குனிந்து அதைத் தாழ்த்திவிட்டார். சிறுவன் பாடினான். நன்றாகவே பாடினான். இரண்டாம் அடியில் சற்றுத் தடுமாறி, அண்ணன் முகத்தைப் பார்த்துச் சமாளித்து, முடிக்கும்போது முழுக் கூட்டத்தையும் தன் பக்கம் திருப்பிவிட்டான்.

என் அருகில் நின்ற பெரியவர் கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "அவிங்க ரத்தத்துலயே ஊறுனதுங்க."

பாராட்டாகத்தான் சொன்னார், தீய எண்ணம் ஏதுமில்லை. ஆனால் அந்தச் சொல் என்னைப் பந்தியிலும் விடவில்லை, வீட்டுக்கு வந்த பின்னும் விடவில்லை. ஒரு சிறுவன் தடுமாறி, விழ இருந்து, தானே எழுந்து நின்றதை ஓர் ஆயிரம் கண்கள் கண்டன. கண்ட பின்னும் அந்தப் பெருமையை அவனிடம் தராமல் அவனுடைய குருதியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டோமே, இது என்ன நியாயம்?

இரத்தம் என்பது எளிய சொல்லன்று, தோழர்களே. அதே சொல் வேறு வாயில் வேறு வேலை செய்திருக்கிறது. நாவிதன் மகன் கைக்குக் கத்திதான் வரும், குயவன் மகன் கைக்குச் சக்கரந்தான் வரும் என்று சொன்னவர்களும் இரத்தத்தைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். 1953-இல் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று சொன்னபோது, இந்நாடு அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. கத்திக்கும் சக்கரத்திற்கும் செல்லாத நியாயம் ஆர்மோனியத்திற்கு மட்டும் எப்படிச் செல்லும்? பாடும் குடும்பத்தைப் பாராட்டும் ஆர்வத்தில், பின்வாசல் வழியாகப் பழைய கணக்கை மீண்டும் உள்ளே விடுகிறோமா இல்லையா?

இதைத் தருக்கமாகப் பேசி முடித்துவிடலாம். அதைவிட, தமிழ்நாடு முழுதும் அறிந்த ஒரு குடும்பக் குழுவை எடுத்து வைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி. புகழ்பெற்ற அண்ணன், அவன் மேடையில் ஏறிய தம்பி, அந்தத் தம்பிக்கும் பின்னே ஏறிய தம்பி. பாவலர் சகோதரர்களைச் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே, இன்றைய தேனி மாவட்டத்தில், பண்ணைப்புரம் என்றொரு சிற்றூர். அங்கே பிறந்த வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். பாவலர் என்னும் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கோயில் மேளமும் சபைக் கச்சேரியும் அவ்வீட்டுத் தொழில் அல்ல. ஏழு தலைமுறை வித்துவான்கள் வரிசையும் அவர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை. இரத்தத்தில் ஊற வேண்டுமானால் முதலில் ஊற்று ஒன்று வேண்டுமே, அது எங்கே? வரதராசனுக்குப் பாட்டைத் தந்தது கட்சிக் கூட்டம். ஆயிரம் பேர் வெயிலில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நில உச்சவரம்பும் கூலி உயர்வும் விலைவாசியும் விளங்க வேண்டும். சொற்பொழிவாளர் ஒரு மணி நேரம் முழங்கியும் விளங்காதது ஒரு பாட்டில் விளங்கிவிடும் என்று கண்டவர் அவர்.

அக்காலத்து மேடைப் பாட்டின் தொழில்முறை நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சென்ற வாரம் வெளிவந்த திரைப்படத்தின் மெட்டு ஊரெல்லாம் வாயில் இருக்கும். மேடைப் பாவலர் அந்த மெட்டைப் பிடித்துக்கொள்வார். காதலன் காதலியை அழைத்த இடத்தில் கங்காணியையோ அமைச்சரையோ கொண்டுவந்து நிறுத்துவார். கேட்பவனுக்கு மெட்டு பழையது, சொல் புதியது. பழகிய மெட்டு அவனை இழுத்து உட்கார வைக்கும். புதிய சொல் அவனை எழுந்து நிற்க வைக்கும். கேட்க எளிது, செய்யக் கடினம். மெட்டின் நெடிலில் குறிலை வைத்தால் பாட்டு நொண்டும். இடைவெளி விழும் இடத்தில் சொல்லை உடைத்தால் பொருள் கெடும். எந்தச் சொல்லை எந்தத் தாள இடத்தில் இறக்கி வைப்பது என்பதை நாள்தோறும், ஊர்தோறும், கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தொழிலாளர் கூட்டத்தைப் போலக் கண்டிப்பான தேர்வாளர் இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து பீடி பற்ற வைக்கப் போய்விடுவான்.

கோவைப் பகுதிக்கு இது தெரியாத செய்தியன்று. ஆலைச் சங்கு ஊதி வளர்ந்த ஊர்கள் இவை. சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 சனவரி 8-இல் தூக்கு மேடை ஏறிய மண் இது. இங்கே ஆலை வாயிற்கூட்டம் என்றால் பேச்சுக்கு முன்னால் பாட்டு உண்டு.

1958-இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தோடு சேர்க்கப்பட்ட மலைநாடு அது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுவோரோ பெரும்பாலும் தமிழர். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவைக்கு அந்த ஓர் இடம் பெரிய இடம். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடம் தமிழில் பாடி வாக்குக் கேட்கப் பாவலர் வரதராசன் மலையேறினார். கட்சி வென்றது, வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டென்று முதலமைச்சரே பாராட்டியதாக இன்றும் அப்பகுதியில் பெருமையோடு சொல்வர்.

அந்த நாட்களில்தான் தம்பி மேடைக்கு வந்தான். ஓயாத பாட்டினால் அண்ணனுக்கு உடல் நலிவு. தனியே போகவேண்டாம், தம்பியையும் துணைக்கு அழைத்துப் போ என்று தாய் சொன்னார். இராசையா என்ற அந்தத் தம்பிக்கு வயது பதினான்கு, பதினைந்து. அவனை அழைத்து வந்தது தெய்வத்தின் திருவருளன்று. ஓர் அண்ணனின் தொண்டைக்கட்டும் ஒரு தாயின் கவலையும். வரலாறு பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னக் காரணங்களால்தான் நடக்கிறது. பின்னால் வருகிறவர்கள்தாம் அதற்குச் சுழியும் சோதிடமும் எழுதி ஒட்டுகிறார்கள்.

வந்த தம்பிக்கு மேடையில் கொடுத்த இடம் எது? அண்ணன் இடமன்று, ஆர்மோனியமும் அன்று. ஆர்மோனியம் அண்ணனுடையது; தம்பி அதைத் தொடலாகாது. இன்னும் உடையாத குரல் அவனிடம் இருந்தது. ஆண் பெண் இருவராகப் பாடவேண்டிய பாட்டிலே பெண் பகுதியைப் பாட அந்தக் குரல் பயன்பட்டது. அவ்வளவே அவன் வேலை. தன் குரலைக் காட்டத் தம்பி வரவில்லை. குழுவில் காலியாக இருந்த ஒரு குரலை நிரப்ப வந்தான்.

புகழ்பெற்ற குடும்பக் குழுவில் சேரும் இளையவனின் நிலை எங்கும் இதுதான். வாசல் திறந்தே இருக்கிறது; ஆனால் அது அவன் உயரத்திற்கு வெட்டிய வாசலன்று. வேறொருவர் விட்டுச் சென்ற துளைக்குள் தன்னை ஒடுக்கிக்கொண்டுதான் அவன் நுழைய வேண்டும்.

அந்த வாசலும் நிலைத்ததன்று. பருவம் வந்தால் ஆண்பிள்ளையின் குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஒலி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவு கீழே இறங்குகிறது. இயற்கை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இராசையாவின் குரலும் உடைந்தது. நேற்றுவரை கைதட்டிய கூட்டம் இன்று சிரிக்கும் என்ற நிலை. இந்த நாளைப் பற்றித்தான் நான் அதிகம் சிந்திக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுச் சிறுவன். குழுவில் அவனுக்கிருந்த ஒரே உரிமை பறிபோயிற்று. இரத்தம் அந்நேரத்தில் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, அந்த இரத்தந்தானே குரலை உடைத்தது! கை கொடுத்தது வேறொன்று. அண்ணன் இல்லாத நேரத்தில், தொடக்கூடாத அந்தப் பெட்டியைத் தொட்டு, யாரும் கற்றுத்தராமல் ஒவ்வொரு கட்டையாகத் தடவிப் பழகிய விரல்கள் அவனிடம் இருந்தன. விலக்கப்பட்ட கருவியே அவனை மீண்டும் மேடையில் உட்கார வைத்தது.

நான் முரடனாகப் பேசவில்லை. அண்ணனைக் குறை கூறவும் வரவில்லை. வறுமையில் வாங்கிய ஒற்றைப் பெட்டி அது. கெட்டால் மறுநாள் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையேல் சோறு இல்லை. தொடாதே என்று சொன்ன அண்ணனின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மீறல் இல்லாவிட்டால் பின்னால் வந்தது எதுவும் வந்திராது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அண்ணன் அளித்தது மேடை. தம்பி திருடியது கருவி. இரண்டும் சேர்ந்ததே அவனுடைய படிப்பு.

இனி, காலியான பெண்குரல் இடத்திற்கு யார்? அடுத்த தம்பி அமர் வந்தான். 1947-இல் பிறந்தவன்; இன்று நாம் கங்கை அமரன் என்று அறியும் கவிஞர், இசையமைப்பாளர், இயக்குநர். அவன் வரும்போது பாவலர் சகோதரர்கள் என்ற பெயர் ஊர் ஊராகத் தெரிந்துவிட்டது. தாளத்தில் பாசுகர், ஆர்மோனியத்தில் இராசையா, நடுவிலே பாவலர். கடைக்குட்டிக்கு, அண்ணன் கழற்றிப் போட்ட சட்டையைப் போலவே, அண்ணன் விட்டுச் சென்ற குரல். கோவை வீடுகளிலும் இதே வழக்கந்தான். மூத்தவன் சட்டை இளையவனுக்கு என்று தைக்கும்போதே இரண்டு விரற்கடை கூடுதலாக மடித்து வைப்பார்கள்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் நகர எனக்கு மனமில்லை. பெண்குரல் வேண்டியிருந்தது. ஒரு சிறுவன் குரல் உடைந்தது. அடுத்த சிறுவன் வந்தான். சிறுவர்களைத் தேடிய கண்கள் ஒரு பெண்ணைத் தேடவில்லையே, ஏன்? பெண் விடுதலையும் கூலிச் சமத்துவமும் முழங்கிய செங்கொடி மேடையிலேயே பெண்ணின் பகுதியைப் பாட ஆண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரவுப் பயணம், பேருந்து நிலையத் தூக்கம், ஊரார் வாய் என்று நூறு காரணம் சொல்லலாம், எல்லாம் உண்மையே. அவ்வளவும் உண்மையாக இருந்ததே குற்றம். பாய்சு கம்பெனி நாடகங்களில் மீசை முளைக்காத சிறுவர்கள் வள்ளியாகவும் தமயந்தியாகவும் நின்ற காலத்தின் நீட்சிதான் இது.

இயலாது என்பாருக்கு நம் கொங்கு நாடே விடை சொல்லும். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாகவே நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கி பரவாத காலத்திலேயே கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடினார். 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் ஆண் வேடத்தையே தாங்கி, அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். பெண்ணுக்கு ஆண் வேடம் இயலுமென்றால் பெண்ணுக்குப் பெண்குரல் இயலாதா?

ஐரோப்பாவிலும் இதே கதை வேறு உடையில் நடந்தது. மொசார்ட்டு என்றால் உலகம் தம்பி உல்ப்காங்கைச் சொல்லும். அவனுக்கு நான்கரை ஆண்டு மூத்தவள் நானெர்ல். தந்தை லியோபோல்டு முதலில் பியானோ வகைக் கருவியில் அமர்த்தியது அவளை. அவள் பாடம் கேட்பதைப் பார்த்துத்தான் தம்பி கருவிக்கு அருகே வந்தான். அறுபதுகளில், 18-ஆம் நூற்றாண்டின் அறுபதுகளைச் சொல்கிறேன், இருவரும் அரண்மனை அரண்மனையாக ஒன்றாக வாசித்தார்கள். 1769-க்குப் பின் அவளைச் சால்சுபர்க்கு வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்; தம்பி தந்தையோடு இத்தாலிக்குப் போனான். ஒரே தந்தை, ஒரே தாய், ஒரே பாடம். குருதியில் என்ன குறை கண்டார்கள்? குறை குருதியில் இல்லை, கதவில் இருந்தது.

மீண்டும் பண்ணைப்புரத்திற்கு வருவோம். நான்கு உடன்பிறந்தார். ஒரே வீட்டுச் சோறு. இரத்தந்தான் எல்லாம் என்றால் நால்வரும் ஒரே அச்சாக வந்திருக்க வேண்டும். வந்தார்களா? மூத்தவருக்குச் சொல்லும் குரலும். பாசுகருக்குத் தாளம், பின்னாளில் படத் தயாரிப்பு. இராசையாவுக்கோ சொல் இரண்டாமிடம். பல கருவிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வழியாக நடந்து ஓரிடத்தில் சந்திக்கும் அந்தக் கணக்கிலேதான் அவர் மனம் குடியேறியது. கடைக்குட்டிக்கு மீண்டும் சொல், ஆனால் அண்ணன் சொல்லைப் போல முழங்குவதன்று. திண்ணையில் உட்கார்ந்து பேசும் சொல்.

மூன்றாமவர் கணக்கு எங்கிருந்து வந்தது? பத்தாண்டு மேடை ஏறியபின் 1968-இல் சென்னைக்குப் போய், தன்ராசு மாசுடரிடம் மேலைச் சுரக்குறிப்பும் அமைப்பிசை இலக்கணமும் கற்றார். இருபத்தைந்து வயதில், குடும்பத்திற்குள் இல்லாத கல்வியைக் குடும்பத்திற்கு வெளியே போய், கீழே உட்கார்ந்து, அரிச்சுவடியிலிருந்து கற்றார். பின்பு ஜி.கே. வெங்கடேசிடம் உதவியாளர். 1976-இல் அன்னக்கிளி. அந்தப் படத்தின் இசையைக் கேட்டவர்கள் கிராமத்து மண் மணக்கிறது என்று மகிழ்ந்தார்கள், மணந்தது உண்மை. ஆயினும் அந்த மண்ணைப் பக்குவமாகப் பிசைந்தது மயிலாப்பூர்ப் பயிற்சி. மண்ணை மட்டும் புகழ்ந்து பயிற்சியை மறைப்பது, சிங்காநல்லூர்ப் பெரியவர் செய்த அதே பிழை.

அப்படத்தில்தான் பஞ்சு அருணாசலம் அவருக்குப் புதுப் பெயர் வைத்தார். இராசா என்ற பெயரில் ஏ.எம். இராசா ஏற்கெனவே புகழோடு இருந்ததால், முன்னே ஓர் இளைய சேர்ந்தது: இளையராஜா. வீட்டில் தம்பி, திரைத்துறையிலும் தம்பி. உலகம் அறிந்த பெயரிலேயே இளையவன் என்ற முத்திரை. இதைவிடச் சுவையான பொருத்தத்தை நான் கற்பனையிலும் அமைத்திருக்க மாட்டேன்.

பெயர் என்றதும் சிங்காநல்லூரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வூரில் சென்ட்ரல் சுடுடியோ இருந்தது. சூபிடர் நிறுவனம் அங்கே படங்களை எடுத்தது. கலைஞர் கருணாநிதி இளமையில் இவ்வூரில் தங்கி எழுதியதும், எம்.ஜி.ஆர். முதன்முதல் கதைத் தலைவனாக நடித்த இராசகுமாரி 1947-இல் வெளிவந்ததும் அந்த நாட்களில். அடுத்த ஆண்டு வந்த அபிமன்யு படத்தைப் பாருங்கள். உரையாடலில் கருணாநிதியின் உழைப்பு. பெயர்ப் பட்டியலில் ஏ.எசு.ஏ. சாமியின் பெயர். அதே படத்தில் ஒரு பாட்டின் மெட்டு எடுபிடிச் சிறுவனாக இருந்த எம்.எசு. விசுவநாதனுடையது, வெளியே தெரிந்தது இசையமைப்பாளர் எசு.எம். சுப்பையா நாயுடுவின் பெயர். நாயுடு பின்னர் உண்மையைத் தாமே நிறுவனத்தாரிடம் சொல்லி, அந்த இளைஞனைச் சென்னைக்கு அழைத்துப் போகச் செய்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. ஆனால் கேளுங்கள்: ஒரே படம், இரு இளையவர், இரு மறைவு. அங்கே இரத்த உறவும் இல்லை. ஆகவே மூத்தவன் நிழல் குடும்பத்தில் மட்டும் விழுவதன்று. எங்கே மேடை ஒருவன் பெயரில் இருக்கிறதோ அங்கெல்லாம் விழும். குடும்பத்தில் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிடுவதால் கணக்குக் கேட்க முடியாது, அதுவே வேறுபாடு.

கணக்குக் கேட்கப்படாமல் இன்றும் நிற்பவர் கடைக்குட்டி அமரன். 1977-இல் வந்த பதினாறு வயதினிலே படத்தில் எசு. சானகிக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாட்டின் சொற்கள் அவருடையவை. அண்ணன் இசையில் எழுதினார், தனியே இசையமைத்தார், 1982-இல் கோழி கூவுது படத்தின் வழியே இயக்குநரானார், 1989-இல் கரகாட்டக்காரனைத் தந்தார். ஒரு கலைக்குழு ஊர் ஊராகப் போய், கூலிக்கும் மானத்துக்கும் இடையே ஆடிப் பிழைப்பதைக் காட்டிய அந்தப் படத்தில் சிரிப்பு எவ்வளவு இருந்தாலும், மாட்டு வண்டியும் மேளமும் பசியும் அறியாதவன் எடுத்ததன்று என்பது தெரிந்துவிடும். பாவலர் குழுவில் பெண்குரல் பாடிய சிறுவன் அதற்குள் ஒளிந்திருக்கிறான்.

ஆனால் 1982-இல் வந்த வாழ்வே மாயம் படத்துப் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இசை கங்கை அமரன். அவற்றைக் கேட்டு உருகும் நண்பர்கள் பலர் இளையராஜாவைப் போல யார் இசையமைக்க முடியும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்! திருத்தினால் முகம் மாறிவிடுகிறது. "அண்ணன் உதவியிருப்பார்" என்கிறார்கள். இதுதான் இரத்தக் கணக்கின் இறுதி வரி. நன்றாக வந்தால் அண்ணனுடையது. நன்றாக வராவிட்டால் தம்பியுடையது. இளையவன் எப்பக்கம் திரும்பினாலும் தோற்கும்படி அமைத்த பந்தயம். என் மதிப்பீட்டைச் சொல்கிறேன்: இசையின் அகலத்தில் அமரன் அண்ணனுக்கு ஈடல்லர், அப்படிச் சொல்வதில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் பேச்சுத் தமிழை அதன் வியர்வையோடு மெட்டில் ஏற்றுவதில் அவருக்கென்று ஓரிடம் உண்டு. அந்தத் திறம் ஆர்மோனியத்திலிருந்து வந்ததன்று. பாவலரின் மேடையிலிருந்து வந்தது. மூத்தவரின் உண்மையான வழித்தோன்றலைத் தேடுவோர் மூன்றாமவரை விட்டு நான்காமவரிடம் போகவேண்டும் என்பது என் எண்ணம். மறுப்போர் எழுதலாம்.

அமெரிக்காவின் சாக்சன் உடன்பிறந்தாரை இளைஞர்கள் அறிவார்கள். மைக்கேல் சிறுவனாக அண்ணன்மார் குழுவில் நுழைந்து முன்னுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். கடைசித் தம்பி இராண்டியைப் பற்றி யாருக்குத் தெரியும்? 1975-இல் குழு மோடவுன் நிறுவனத்தை விட்டு வெளியேறியபோது அண்ணன் செர்மைன் அங்கேயே நின்றுவிட்டார். காலியான இடத்தில் இராண்டி அமர்ந்தார். மீண்டும் அதே கதை: விட்டுச் சென்ற துளை. தங்கை சேனட்டோ அந்தக் குழுவுக்குள் இடம் தேடவில்லை. தந்தையின் மேலாண்மையை உதறிவிட்டு 1986-இல் தன் தொகுதியை வெளியிட்டு நின்றாள். அத்தொகுதிக்கு அவள் வைத்த பெயரின் பொருள் கட்டுப்பாடு என்பதாம். யாருடைய கட்டுப்பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் இளையவர் பக்கம் நின்று பேசினேன். மூத்தவருக்கு நேர்ந்ததை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். பாவலர் வரதராசன் அன்னக்கிளி வெளிவருமுன்பே மறைந்துவிட்டார். தம்பியரின் திரைப்புகழை அவர் காணவில்லை. 1981-இல் அலைகள் ஓய்வதில்லை படத்தைத் தம்பி பாசுகர் தயாரித்தபோது நிறுவனத்திற்குப் பாவலர் கிரியேசன்சு என்று பெயர் வைத்தார்கள். நன்றி மறவாத செயல். ஆனால் இன்றைய இளைஞனிடம் பாவலர் வரதராசன் யார் என்று கேளுங்கள். இளையராஜாவின் அண்ணன் என்பான். தேவிகுளத்து மலைச்சரிவில் தொழிலாளர் மனத்தை அசைத்த கவிஞன், உறவுமுறைச் சொல்லுக்குள் சுருங்கிவிட்டான்! தம்பியை அண்ணனின் நிழலாக்கிய அதே மடமை, காலம் புரண்டதும் அண்ணனைத் தம்பியின் நிழலாக்கிவிட்டது. மேடைப் பாட்டு காற்றோடு போவது. திரைப்பாட்டு தட்டிலே தங்குவது. இந்த வேறுபாட்டையும் மக்கள் திறமையின் வேறுபாடு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

செங்கொடி மேடையில் வளர்ந்த தம்பி பின்னாளில் பக்தி வழியில் போனதும், 2005-இல் திருவாசகத்தைச் சிம்பொனி வடிவில் தந்ததும் சிலருக்கு வருத்தம். எனக்கும் அவரோடு வழக்கு உண்டு. அது வேறொரு நாளைக்கு. தம்பி அண்ணனின் கொள்கையைச் சுமந்தே தீரவேண்டும் என்று கேட்பதும் இரத்தக் கணக்குத்தான் என்பதை மட்டும் இன்று சொல்லி வைக்கிறேன்.

அன்றிரவு மண்டபத்தில் பந்தி முடிந்து வெளியே வந்தபோது, குழுவினர் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிறுவன் ஒரு மூலையில் கம்பிச் சுருளைச் சுற்றிக்கொண்டு நின்றான். அருகே போனேன்.

"நன்றாகப் பாடினாய் தம்பி. யார் சொல்லிக் கொடுத்தது?"

"அக்காங்க."

"அக்காவும் பாடுவாரா?"

"எங்க எல்லாரையும் விட நல்லாப் பாடுவாங்க. நான் தப்புப் பண்ணுனனே, அந்த எடத்த அக்காதான் நாப்பது தடவ பாட வெச்சாங்க."

"மேடைக்கு வருவதில்லையா?"

சிறுவன் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டான். கேள்வியே அவனுக்குப் புதிதாக இருந்தது போலும். "அவங்க எப்படிங்க வருவாங்க?" என்றான். அதற்குள் மூத்தவர் கூப்பிட்டார். ஓடிப்போய் வண்டியின் பின்புறம் ஏறிக்கொண்டான்.